அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்வது: வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு வயிற்றில், அம்மாவுக்கு முழங்காலில், அத்தைக்குப் பித்தப்பையில் என்று மூன்று ஆபரேஷன்களுக்குப் பிறகு வீட்டில் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அப்புறம், முதல்முறையாக இந்த வேலையில் இறங்கிய உறவினர்கள் சிலருக்குக் கைகொடுக்கவும் போயிருக்கிறேன். எல்லோரும் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். காயத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மாத்திரை நேரம் நழுவிவிடும். சமையலறைக்கு ஓடுவார்கள், ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பத் தெரியாது.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வேலையும் கடினமில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் சிக்கல். இது பொதுவான வரிசை. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

1. டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே கேட்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில், மருந்து, வண்டி என்று மண்டை சூடாகியிருக்கும். அப்போது நர்ஸ் சொல்வது பாதிதான் காதில் விழும். அதனால் முந்தைய நாளே கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதல் கேள்வி பழைய மாத்திரைகளைப் பற்றியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து இவற்றில் எதை ஆபரேஷனுக்காக நிறுத்தினார்கள், எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும்? புது மருந்துச் சீட்டில் இது பல நேரம் தெளிவாக இருக்காது. வீட்டில் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் பழையதை அடியோடு மறந்துவிடுவார்கள். இரண்டும் ஆபத்து.

அடுத்து, காயத்தில் எப்போது தண்ணீர் படலாம், எவ்வளவு எடை தூக்கலாம், படி ஏறலாமா, தையல் எப்போது பிரிப்பார்கள், இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க” என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்தப் பிரிவு, எந்த எண் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டு மாற்றுவது, டிரெயின் (காயத்துக்குள் தேங்கும் நீரை வெளியே இழுக்கும் குழாயும் உருண்டையும்) காலி செய்வது, ஊசி போடுவது போன்ற கைவேலை இருந்தால் நர்ஸ் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். பார்த்து வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தவர்கள் வீட்டுக்கு வந்து முதல் நாளே திணறியதைக் கண்டிருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

2. ஆள் வருவதற்கு முன்பே அறையைத் தயார் செய்வது

கட்டிலின் உயரம் முக்கியம். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலை விடக் கீழே இறங்கக் கூடாது. தாழ்ந்த கட்டிலிலோ தரை மெத்தையிலோ படுத்தவர் எழுவதற்கு வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டியிருக்கும். தையல் மேல் விழும் சுமை அதுதான்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே ஒருமுறை இருட்டில் நடந்து பாருங்கள். மிதியடி, தரைவிரிப்பு, குறுக்கே ஓடும் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மங்கலான இரவு விளக்கு ஒன்று போடுங்கள். இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் என்றால் கழிப்பறை இருக்கையை உயர்த்த ஏற்பாடு வேண்டும், வாக்கர் கதவுக்குள் நுழைகிறதா என்று அளந்தும் பாருங்கள். எங்கள் வீட்டில் நுழையவில்லை. அம்மா வாசலில் நிற்கும்போதுதான் அது தெரிந்தது.

கை எட்டும் தூரத்தில் தண்ணீர், கண்ணாடி, போன், கூப்பிட ஒரு மணி இருக்கட்டும். கூடவே தெர்மாமீட்டர், மில்லிலிட்டர் குறியிட்ட ஒரு அளவுக் குவளை, ஒரு நோட்டு, ஒரு பேனா.

3. முதல் 24 மணி நேரம்

முழு மயக்கம் கொடுத்திருந்தால், ஆள் நன்றாகப் பேசினாலும் ஒரு நாளாவது மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவது, மது, அடுப்பு, பத்திரத்தில் கையெழுத்து எதுவும் கூடாது. அதே நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இரவு கட்டாயம் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

சில விஷயங்களை முன்பே தெரிந்து வைத்திருந்தால் பதற்றம் குறையும். மூச்சுக்குழாய் போட்டதால் தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் வயிற்று ஆபரேஷன்) செய்தவர்களுக்குத் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது, அந்த வலி தோளில் தெரிகிறது. நடக்க நடக்க, சில நாளில் போய்விடும். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வலியோடு மூச்சுத் திணறலோ நெஞ்சில் அழுத்தமோ சேர்ந்தால் கதை வேறு. அதற்கு 13-ஆம் பகுதியைப் பாருங்கள்.

4. நாளை வலி மாத்திரையைச் சுற்றி அமைப்பது

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதல் சில நாட்களுக்கு வலி மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்காமல், மருத்துவர் எழுதிய இடைவெளிப்படி கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். ஏறிவிட்ட வலியை இறக்க நேரமாகும். அதுவரை ஆள் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், எழுந்திருக்கமாட்டார். நெஞ்சில் சளி கட்டுவதும் காலில் ரத்தம் உறைவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வரிசை இதுதான்: முதலில் காய்ச்சல் பார்ப்பது, பிறகு மாத்திரை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பொறுத்து மூச்சுப் பயிற்சி, நடை, குளியல், கட்டு மாற்றுவது.

காய்ச்சலை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? பாராசிட்டமால் வலியோடு காய்ச்சலையும் தணிக்கும். மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்தால் தெர்மாமீட்டர் நல்ல செய்திதான் சொல்லும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் குளிக்க வைத்து, நடக்க வைத்து, ஆள் துவண்ட பிறகு சாப்பாட்டோடு மாத்திரை கொடுக்கிறார்கள்.

பாராசிட்டமாலின் உச்ச வரம்பு ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம். எடை குறைந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், வயதானவர் என்றால் அதைவிடக் குறைவு, மருத்துவர் சொல்வதே அளவு. சளி மாத்திரையிலும் கூட்டு வலி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கேட்காமல் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். சிறுநீரகம், வயிற்றுப் புண், ரத்தக்கசிவு என்று மூன்று பக்கமும் தொல்லை வரலாம்.

ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் காயம் நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

5. ஒரே ஒரு நோட்டு

தேதி, நேரம், கொடுத்த மாத்திரை, காய்ச்சல் அளவு, சிறுநீர், மலம், டிரெயினில் வந்த அளவு, நடந்த தூரம், ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி. இவ்வளவு போதும். கொடுத்த உடனே எழுதுங்கள். “அண்ணன் கொடுத்திருப்பான்” என்று தங்கையும், “தங்கை கொடுத்திருப்பாள்” என்று அண்ணனும் நினைப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். இரண்டு பேரும் கொடுத்துவிடுவதும் நடக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. மருத்துவருக்குப் போன் செய்தால் அவர் முதலில் கேட்பது “எப்போதிலிருந்து, எவ்வளவு” என்பதைத்தான்.

6. படுக்கையிலிருந்து எழுப்புவது

கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் வேண்டாம். அவருக்குத் தோளும் தையலும் போகும், உங்களுக்கு இடுப்பு போகும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிர்ந்து எழுவதும் வேண்டாம், வயிற்றுத் தசை முழு பலத்தோடு இறுகும்.

முதலில் இரண்டு முழங்கால்களையும் மடக்கச் சொல்லுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வது போல, பக்கவாட்டில் திரும்பட்டும். பிறகு கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழே இருக்கும் முழங்கையாலும் மேலே இருக்கும் உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி உட்கார வேண்டும். கால் இறங்கும் எடையே உடம்பைத் தூக்கிவிடும். நெஞ்செலும்பைப் பிளந்து செய்த இதய ஆபரேஷனில் கையால் அழுத்தக் கூடாது. இடுப்பு மாற்று ஆபரேஷனில் எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதற்கும் தனி விதி உண்டு. இந்த இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த முறையே சரி.

உட்கார்ந்ததும் உடனே நிற்க வைக்காதீர்கள். ஓரிரு நிமிடம் கால்களை ஆட்டிக்கொண்டு உட்காரட்டும். தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். பல நாள் படுத்தவர் எழும்போது ரத்த அழுத்தம் இறங்கும். அப்பா கழிப்பறை வாசலில் சரிந்தது அப்படித்தான். அவசரம் என்று சொன்னார், நானும் உட்கார வைக்காமல் நேராக நடத்திக்கொண்டு போனேன்.

நடக்கும்போது ஆபரேஷன் ஆன பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். காலில் ஆபரேஷன் என்றால் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

7. மூச்சு, கணுக்கால், நடை

விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை ஆழமாக மூச்சு இழுத்து விட வேண்டும். ஸ்பைரோமீட்டர் (மூச்சுப் பயிற்சிக்கான, உருண்டை உள்ள சிறு கருவி) கொடுத்திருந்தால் உருண்டையை ஏற்ற ஊதுவதில்லை, உறிஞ்ச வேண்டும். முக்கால்வாசிப் பேர் ஊதுகிறார்கள். இருமல் வந்தால் அடக்க வேண்டாம், ஒரு தலையணையைக் காயத்தின் மேல் இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். தையல் தெறிக்கும் என்ற பயம் அதில் போய்விடும்.

படுத்திருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் மடக்கி நீட்டுவது ஆடுசதையில் ரத்தத்தைத் தேங்க விடாது. நடையை ஒரே மூச்சில் நீட்டாமல் நாளுக்கு நாலைந்து தடவை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ரத்தம் உறையும் ஆபத்து வீட்டுக்கு வந்ததும் முடிவதில்லை, வாரக்கணக்கில் நீடிக்கும். உறைவைத் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ எழுதியிருந்தால், ஆள் நன்றாக நடக்கிறார் என்று நிறுத்திவிடாதீர்கள்.

மூட்டு மாற்று செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தலையணையைக் குதிகால் பக்கம் வையுங்கள். அம்மா இரவில் அதை மெல்ல மேலே இழுத்துக்கொள்வார், நான் மெல்லக் கீழே தள்ளுவேன். இரண்டு வாரம் இப்படியே போனது.

8. காயம்

நல்ல காயத்தை அதிகம் தொடாமல் இருப்பதே நல்ல பராமரிப்பு. பல ஆபரேஷன்களில் முதல் 48 மணி நேரம் கட்டை அவிழ்க்காமல் விடச் சொல்வார்கள். வெட்டிய விளிம்புகள் ஒட்டிக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

கட்டு மாற்றும் வரிசை: தேவையான எல்லாவற்றையும் சுத்தமான ஒரு தட்டில் பிரித்து வைத்துவிட்டு, சோப்புப் போட்டு 20 விநாடியாவது கை கழுவுங்கள். பழைய கட்டை எடுங்கள். ஒட்டியிருந்தால் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) விட்டு நனைத்துக் காத்திருங்கள், பிய்க்காதீர்கள். எடுத்ததை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு மறுபடி கை கழுவுங்கள். இந்த இரண்டாவது கழுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கட்டைத் தொட்ட கையோடு புதுக் கட்டைத் தொட்டால் அழுக்கு நேராகக் காயத்துக்குப் போகும். அதன் பிறகு புதியதை வையுங்கள், உள்பக்கத்தில் விரல் படாமல்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், பவுடர், வீட்டு வைத்தியப் பொடி எதுவும் வேண்டாம். ஆற முயலும் புதுத் திசுவை இவை எரிக்கும், இல்லையென்றால் அழுக்கைக் கொண்டு சேர்க்கும். பார்க்க வருபவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். சரி சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

விளிம்பில் லேசான சிவப்பு, சுற்றிலும் கன்றிய நீலம், அரிப்பு, தையலுக்கு அடியில் கயிறு போலத் தடிப்பு, முதல் நாட்களில் கொஞ்சம் கசிவு, இவையெல்லாம் சாதாரணம். சிவப்பு பரவுவது, சூடு, நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், நாற்றம், விளிம்பு பிரிவது இவை கிருமித் தொற்றின் அடையாளம். சந்தேகம் இருந்தால் சிவப்பின் விளிம்பைச் சுற்றித் தோலில் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் போன் செய்யுங்கள். ஒரே வெளிச்சத்தில் தினமும் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும், நேற்று எப்படி இருந்தது என்பதைக் கண் மறந்துவிடும்.

தொற்று பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். முதல் நான்கு நாள் நன்றாக இருந்தது என்று ஐந்தாம் நாள் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள்.

9. டிரெயின், சிறுநீர்ப் பை

டிரெயின் உருண்டை பாதி நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிறைந்தால் உறிஞ்சும் விசை போய்விடும். அளவுக் குவளையில் ஊற்றி அளவையும் நிறத்தையும் எழுதுங்கள். உருண்டையை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடுங்கள். அமுக்காமல் மூடினால் அது வெறும் பைதான். நிறம் நாளாக ஆக வெளுத்து, அளவு குறைந்துகொண்டு வர வேண்டும். திடீரென்று கூடினாலும், மறுபடி அடர் சிவப்பானாலும், அடியோடு நின்றாலும் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். நடக்கும்போது மேலே தூக்கிப் பிடித்தால் வெளியே வந்தது உள்ளே திரும்பும். குழாய் மடங்கியிருக்கிறதா என்று இரவு படுக்கும் முன் பாருங்கள்.

10. குளியல்

அனுமதி கிடைத்த பிறகு, உட்கார்ந்து, கதவைத் தாழிடாமல். தண்ணீர் காயத்தின் மேல் தானாக வழியட்டும், ஷவரை நேராகப் பீய்ச்ச வேண்டாம். ஒற்றித் துடையுங்கள். தொட்டி, குளம் எல்லாம் முழுதாக ஆறிய பிறகுதான்.

11. சாப்பாடும் மலச்சிக்கலும்

சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அதில் எல்லோரும் தேவைக்கு மேலேயே அக்கறை காட்டுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கும்படி. காயம் ஆறப் புரதம் வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது வழக்கம், அளவை வழக்கத்தை விட அடிக்கடி பாருங்கள்.

மலச்சிக்கல்தான் யாரும் எதிர்பார்க்காதது. டிரமடால், மார்ஃபின் வகை வலி மருந்துகள் குடலை மெதுவாக்கும். தண்ணீர், நடை, மருத்துவர் எழுதிய மலமிளக்கி மூன்றையும் முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். மூன்று நாள் போகவில்லை என்றால் கேளுங்கள். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் மலமிளக்கி கொடுக்காதீர்கள். குடல் அடைப்பாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

12. இரவு, குழப்பம்

வயதானவர் இரண்டாம் மூன்றாம் நாள் இரவில் ஆளை மாற்றிச் சொல்வது, இல்லாததைப் பார்ப்பது, குழாயைப் பிடுங்குவது என்று மாறினால் “வயசாகிவிட்டது” என்று ஒதுக்காதீர்கள். திடீரென்று வரும் குழப்பத்துக்குப் பின்னால் தொற்று, நீரிழப்பு, சிறுநீர் தேங்குவது, மருந்து என்று காரணம் இருக்கும். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கட்டும், கண்ணில் படும்படி கடிகாரம் இருக்கட்டும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருட்டும் அமைதியும். வாதாடித் திருத்த முயல வேண்டாம், மெதுவாகப் பேசிக் கூட உட்கார்ந்தால் போதும்.

13. எப்போது போன், எப்போது ஆம்புலன்ஸ்

அன்றே போன் செய்ய வேண்டியவை: 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், தொற்றின் அடையாளங்கள், மாத்திரைக்கு அடங்காத வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்துச் சூடாக இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் உடனே காட்டுங்கள்.

ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியவை: திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம், மூச்சு இழுத்தால் குத்தும் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், அழுத்தியும் நிற்காத ரத்தம், எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம்.

வயிற்று ஆபரேஷனில் இன்னொன்று. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், ஆறிவருவதாகத் தோன்றிய காயத்திலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் நிறைய வந்தால் உள் தையல் விடுகிறது என்று பொருளாக இருக்கலாம். உடனே கிளம்புங்கள். காயம் திறந்து குடல் தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

14. பார்த்துக்கொள்பவரின் தூக்கம்

மாத்திரை தவறுவது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாளில்தான், ஏனென்றால் அதற்குள் பார்த்துக்கொள்பவர் தூங்கி மூன்று நாள் ஆகியிருக்கும். இரவு முறையை முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். தனி ஆள் என்றால் இரவு மாத்திரைகளைப் பெயர், நேரம் எழுதிய சிறு டப்பாக்களில் மாலையிலேயே போட்டு, அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். பார்வையாளர்களுக்கு ஒரு மணி நேரத்தைக் குறித்துச் சொல்லிவிடுங்கள், சளி இருமல் உள்ளவர்கள் அப்புறம் வரட்டும்.

15. தையல் பிரிக்கும் நாள்

நோட்டையும், காயத்தின் படங்களையும், மிச்ச மாத்திரைகளையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். நிறுத்திய பழைய மருந்துகளைப் பற்றி மறுபடி கேளுங்கள், எடை தூக்கும் வரம்பையும் கேளுங்கள். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வரம்பு பல வாரம் நீளும். வெளித் தையல் பிரித்ததாலேயே உள்ளே பலம் வந்துவிடாது. அப்பா அன்று மாலையே தண்ணீர் வாளியைத் தூக்கப் போனார். வீட்டிலிருந்த வாளிகளை எல்லாம் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டேன்.